கம்பியில்லா உணர்கருவிகளின் குரல் மங்குவது ஏன்?

அறையின் வெப்பநிலை, காற்றின் ஈரம், மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டம், கதவு திறந்துள்ளதா மூடியுள்ளதா என்னும் விவரம் ஆகியவற்றை அறிந்து, கம்பியின் துணையின்றி மற்றொரு கருவிக்குத் தெரிவிக்கும் சிறு உணர்கருவிகள் இன்று நகரங்களில் மட்டுமன்றிச் சிற்றூர்களிலும் புழக்கத்திற்கு வந்துள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை புளூடூத் என்னும் முறையைக் கையாளுகின்றன. எரிக்சன், நோக்கியா, ஐ.பி.எம்., இன்டெல், தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் 1998-ஆம் ஆண்டில் கூட்டுச் சேர்ந்து உருவாக்கிய இம்முறைக்கு, பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட மன்னர் ஒருவரின் பட்டப்பெயர் சூட்டப்பட்டது. 2010-இல் வெளிவந்த நான்காம் பதிப்பில், மிகச் சிறிய மின்கலத்தைக் கொண்டே மாதக்கணக்கில் இயங்கத்தக்க கிளைமுறை ஒன்று சேர்க்கப்பட்டது. உணர்கருவிகள் பயன்படுத்துவது இக்கிளைமுறையையே.

இக்கருவிகளைக் குறித்து வரும் புகார்களில் பெரும்பகுதி ஒரே வாசகத்தில் அடங்கும்: "சைகை எட்டவில்லை." ஆனால் இவ்வாசகத்தின் பின்னே நான்கைந்து வெவ்வேறு காரணங்கள் ஒளிந்திருக்கக்கூடும். காரணத்தை அறியாமல் கருவியை மாற்றுவதும், புதிய மின்கலம் வாங்குவதும், இடத்தை மாற்றி மாற்றி வைப்பதும் பணத்தையும் காலத்தையும் வீணாக்கும். களப்பணியாளரும் ஆசிரியரும் எம்முறையில் சோதித்தால் காரணம் வெளிப்படும் என்பதே ஈண்டு விளக்கப்படுகிறது.

பழைய எண் செய்யும் தீங்கு

முதற்கண் ஒரு எச்சரிக்கை அவசியமாகிறது. சைகை நின்றுவிட்டால் திரையும் வெறுமையாகிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலான செயலிகளில் அவ்வாறு நிகழ்வதில்லை. கடைசியாக வந்த எண்ணே திரையில் நிலைத்திருக்கும்.

டில்லியில் முதியவர் ஒருவர் தம் இன்சுலின் மருந்தைக் குளிர்ப்பெட்டியில் வைத்துள்ளதாகக் கொள்ளலாம். திறக்கப்படாத இன்சுலினை 2 முதல் 8 செல்சியஸ் பாகைக்குள் காத்தல் வேண்டும். உறைந்துபோன இன்சுலினைப் பயன்படுத்தலாகாது. பெட்டியினுள் உணர்கருவி இருக்கிறது. அதன் செய்தியை வாங்கும் கருவி கூடத்தில் இருக்கிறது. மே மாதத்து நாளொன்றில் காலை ஏழு மணிக்கே சைகை அறுந்துவிடுகிறது. பிற்பகலில் நெடுநேரம் மின்சாரம் தடைப்பட்டு, பெட்டியின் உட்புறம் வெம்மையடைகிறது. மாலையில் திரையைப் பார்ப்பவருக்கு "5 பாகை" என்றே தெரிகிறது. அது காலை ஏழு மணியின் எண். எண் பொய்யன்று, ஆனால் அதன் காலம் கடந்துவிட்டது. உணர்கருவியே இல்லாத வீட்டில் பெட்டியைத் திறந்து தொட்டுப் பார்த்திருப்பார்கள்; இங்கு அதுவும் நிகழவில்லை.

ஆகவே, எண்ணைப் பார்க்குமுன் அது வந்த நேரத்தைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். செய்தி குறிப்பிட்ட நேரத்திற்குமேல் வராவிடில் ஒலியெழுப்பும் வசதி செயலியில் இருப்பின், அதனை முதல் நாளிலேயே இயக்கி வைப்பது தகும். சமையல் வாயுக் கசிவை அறியும் கருவியைப் பொறுத்தவரை இதனினும் கடுமையான விதி தேவை. தன்னிலேயே ஒலிக்கும் மணியில்லாத கசிவுக் கருவியை, புளூடூத்தை நம்பி மட்டும் வீட்டில் வைப்பது தவறு.

தாழ்வும் இடைவெளியும்

சைகைக் குறைபாடு இருவகைப்படும். ஒன்று, சைகையின் வலிமை எப்போதும் தாழ்ந்திருத்தல். மற்றொன்று, வலிமை நன்றாயிருந்தும் செய்திகள் இடையிடையே விட்டுப்போதல். இவ்விரண்டையும் பிரித்தறிந்தால் பாதி வேலை முடிந்தது எனலாம். முதல்வகைக்குக் காரணம் தொலைவு, தடை, அலைவாங்கியின் நிலை ஆகியவற்றுள் ஒன்று. இரண்டாம் வகைக்குக் காரணம் நலிந்த மின்கலம், பிற கருவிகளின் இரைச்சல், அல்லது வாங்கும் செல்பேசியின் உறக்கம்.

வலிமையை அறியச் சுற்றிலுமுள்ள புளூடூத் கருவிகளைப் பட்டியலிடும் இலவசச் செயலிகள் உள்ளன; என்.ஆர்.எஃப். கனெக்ட் என்பது அவற்றுள் ஒன்று. ஒவ்வொரு கருவியின் பெயருக்கு எதிரிலும் −62, −88 என்பன போன்ற எண்கள் காணப்படும். இவை ஒரு மில்லிவாட் ஆற்றலை அடிப்படையாகக் கொண்ட டெசிபெல் அளவைகள். ஒரு மில்லிவாட் என்பது 0. அதில் பத்தில் ஒரு பங்கு −10. நூறில் ஒரு பங்கு −20. இவ்வாறே −60 என்பது மில்லிவாட்டின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. −90 என்பது நூறு கோடியில் ஒரு பங்கு. புதிதாகப் பழகுவோர் 90 என்னும் எண்ணைக் கண்டு அதுவே மிகுதி எனக் கொள்வதுண்டு. கழித்தற்குறியை மறத்தலாகாது.

இந்த எண் நிலையாக நிற்பதில்லை. கருவியையும் செல்பேசியையும் அசைக்காமல் வைத்திருந்தாலும் அது ஐந்து, பத்து அளவு ஏறி இறங்கும். ஒரே முறை பார்த்து முடிவு செய்வது பயனற்றது. பத்து முறை குறித்துச் சராசரி காணவேண்டும்.

வரவும் செலவும்

வீட்டுக் கணக்கைப் போன்றே சைகைக்கும் வரவு செலவுக் கணக்கு எழுதலாம். சாதாரண உணர்கருவி அனுப்பும் ஆற்றல் ஏறத்தாழ ஒரு மில்லிவாட், அஃதாவது 0. நல்ல ஏற்புக் கருவி −95 அளவுவரை புரிந்துகொள்ளும். ஆகவே செலவிடத்தக்க கையிருப்பு 95 டெசிபெல்.

புளூடூத் அலை ஒரு நொடிக்கு ஏறத்தாழ 240 கோடி முறை அதிர்கிறது. அதன் நீளம் 12.5 சென்டிமீட்டர். தடையற்ற வெளியில் இவ்வலை முதல் ஒரு மீட்டர் தொலைவிலேயே 40 டெசிபெல் செலவழித்துவிடுகிறது. அதன்பின் தொலைவு இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபெல் குறையும். பத்து மீட்டரில் மொத்தச் செலவு 60. எஞ்சுவது 35. சிறிய கருவியினுள் நெருக்கி அமைக்கப்பட்ட அலைவாங்கி குறையுள்ளது. அதற்கு ஐந்து போனால் 30. இந்த 30-ஐக் கொண்டே சுவர்களையும், மேசை நாற்காலிகளையும், நடமாடும் மனிதர்களையும் சமாளிக்கவேண்டும்.

மெல்லிய செங்கற் சுவர் ஒன்று ஐந்து டெசிபெல் அளவில் விழுங்கும். ஒன்பது அங்குலச் சுவர் பத்தளவில். கம்பி கட்டிய கான்கிரீட் தளம் பதினைந்து, இருபது, சில இடங்களில் அதற்கும் மேல். கம்பியின் நெருக்கம், கனம், ஈரம் ஆகியவற்றைப் பொறுத்து இவ்வெண்கள் மிகவும் மாறுபடும். எனினும் இரண்டு ஒன்பது அங்குலச் சுவர்களுக்கு அப்பால் சைகை தடுமாறுவது ஏன் என்பதும், மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் இடையே அது அற்றுப்போவது ஏன் என்பதும் இக்கணக்கினால் விளங்கும். பெட்டியின்மேல் "100 மீட்டர்" என அச்சிட்டிருப்பது திறந்த வெளியில் பெற்ற அளவு. அறைகளும் சுவர்களும் உள்ள வீட்டிற்கு அது பொருந்தாது.

மேல்நிலைத் தொட்டிகளில் பொருத்திய உணர்கருவிகள் எட்டாமற்போவது கூரைத் தளத்தினாலேயே. கூடத்துச் சுவரில் உள்ள ஏற்புக் கருவியை எவ்வளவு நகர்த்தினாலும் அவ்விடத்தில் பலனிராது. மாடிப்படியின் உச்சியிலுள்ள அறைக்கு அதனைக் கொண்டுசென்றால், சைகை கதவின் வழியாகவே வந்துசேரும். அலை தளத்தைத் துளைத்தே வரவேண்டும் என்பதில்லை. திறப்பு எங்குளதோ அங்குச் சுற்றி வரும்.

சுவரும் இரும்பும் நீரும்

கட்டையும் துணியும் காகிதமும் இவ்வலைக்கு ஏறக்குறைய கண்ணாடி போன்றவை. உலோகம் ஆடி போன்றது, அலையைத் திருப்பிவிடும். நீரோ அலையை உறிஞ்சிவிடும். வீட்டுப் பொருள்களை இம்மூன்றாகப் பகுத்துப் பார்த்தால் பல புதிர்கள் விடுபடும்.

இரும்பு அலமாரியினுள் வைத்த ஈரப்பத உணர்கருவி ஊமையாவது எளிதில் ஊகிக்கத்தக்கது. அலமாரியின் மேற்பரப்பிலேயே காந்தத்தால் ஒட்டிவைத்த கருவியும் நலிவது பலருக்கு வியப்பளிக்கிறது. உலோகத் தகடு மிக அருகில் இருக்கையில் அலைவாங்கியின் இசைவு கெடுகிறது. தகடு அலையைத் திருப்பி, புறப்படும் அலையோடு மோதவும் செய்கிறது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனமுள்ள தெர்மக்கோல் துண்டை இடையில் வைத்தால் போதும். அலையின் கால்பங்கு நீளம் ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் என்பதால் இவ்விடைவெளி பெரும் மாறுதலைத் தரும். மடக்கும் இரும்புக் கதவுகளில் கதவு உணர்கருவி பொருத்துவோர் இதனைக் கட்டாயம் கவனித்தல் வேண்டும்.

சன்னற் கம்பிகள் பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் இருந்தால் அலை பெரும்பாலும் புகுந்துவிடும். கொசுக்களைத் தடுக்க அடித்த இரும்பு வலையின் கண்கள் ஒன்றிரண்டு மில்லிமீட்டரே. அவ்வழியே அலை புகுவது அரிது. வலையை நைலானாக மாற்றிய வீடுகளில் வராந்தாவின் உணர்கருவி மீண்டும் பேசத் தொடங்குவது இதனால்தான்.

வடஇந்தியாவில் பருவகாலத்திற்கேற்பத் தோன்றி மறையும் குறையொன்று உண்டு. மார்ச் மாதம்வரை நன்கு இயங்கிய உணர்கருவி ஏப்ரலில் மங்கும். மழை தொடங்கியபின் சிலகாலத்தில் தானே தேறும். கருவியில் கோளாறு தேடி அலுத்தவர்கள் சன்னலைப் பார்ப்பதில்லை. கோடை வந்ததும் சன்னலில் நீர்க்குளிர்விப்பானாகிய கூலர் பொருத்தப்படுகிறது. இரும்புப் பெட்டி, அதனுள் வாளிக்கணக்கில் நீர், மூன்று புறமும் நனைந்த வைக்கோல் திண்டு: சைகையை மறைப்பதற்கென்றே அமைந்தது போன்ற சாதனம் அது. அலை அதுவரை அச்சன்னல் வழியாகவே வந்துகொண்டிருந்தது என்பது அது அடைபட்டபின்தான் தெரியவருகிறது.

கொல்கத்தா, மும்பை போன்ற மழைநகரங்களில் நனைந்த செங்கற்சுவர் உலர்ந்த சுவரைவிட மிகுதியாக உறிஞ்சும். டில்லியின் குளிர்காலப் பனிமூட்டத்தைச் சிலர் குறைகூறுகின்றனர், அது வீண்பழி. ஒரு வீட்டின் தொலைவில் மூடுபனி இவ்வலைக்குச் செய்யும் தடை கணக்கில் கொள்ளத்தக்கதன்று.

மனித உடலும் பெரும்பாலும் நீரே. கூடத்தில் பத்துப்பேர் அமர்ந்தால் சைகை தாழும். செல்பேசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கருவிக்கு முதுகைக் காட்டி நின்றாலும் தாழும். சோதிப்பவர் தம் உடலையே தடையாக வைத்துக்கொண்டு சோதிப்பது களத்தில் அடிக்கடி காணும் பிழை.

குளிர்ப்பெட்டியின் சிக்கல்

குளிர்ப்பெட்டி தனித்து ஆராயத்தக்கது. இதில் மூன்று இடர்கள் ஒருங்கே கூடுகின்றன. வெளிக்கூடு எஃகு, உள்ளே நீர்ச்சத்துள்ள பண்டங்கள், மின்கலத்தை நலிவிக்கும் குளிர்.

பெட்டியின் உட்சுவர் பிளாஸ்டிக்கினால் ஆனது. கதவைச் சுற்றியுள்ள முத்திரைப் பட்டையும் ரப்பர் போன்ற பொருளே. அலை வெளியேறுவது பெரும்பாலும் இப்பட்டையின் வழியாகத்தான். ஆகவே கதவின் ஓரத்தை நோக்கி உணர்கருவியை வைத்தால் சைகை தேறும். ஆனால் இங்கு ஓர் எதிர்விளைவு உண்டு. கதவுத் தட்டு, பெட்டியின் உட்புறத்தைவிட வெப்பமானது. கதவு திறக்கும்போதெல்லாம் அதன் வெப்பநிலை மாறும். மருந்து நடுத்தட்டிலும் உணர்கருவி கதவிலும் இருந்தால், தெளிவாக எட்டுவது தவறான செய்தி. மருந்தோடு சேர்த்து உட்புறச் சுவரை ஒட்டி வைத்தாலோ, செய்தி சரியானது, எட்டுவதில்லை.

இதற்குத் தக்க வழி, நீண்ட மெல்லிய கம்பியின் நுனியில் வெப்பமறியும் முனையைக் கொண்ட உணர்கருவியை வாங்குவதே. முனை மருந்தின் அருகில் இருக்கும். கம்பி முத்திரைப் பட்டையின் அடியில் நசுங்காமல் வெளிவரும். மின்கலமும் அலைவாங்கியும் உள்ள உடற்பகுதி பெட்டிக்கு வெளியே, பக்கச்சுவரிலிருந்து சற்று விலகி நிற்கும். விலை சிறிது கூடுதலாயினும் மூன்று இடர்களும் ஒருசேர நீங்குகின்றன. அவ்வகைக் கருவி கிட்டாதவிடத்து, ஏற்புக் கருவியைச் சமையலறைக்கே, கதவின் பட்டை நோக்கும் திசையில் மாற்றவேண்டும். மருந்தின் இடத்தை உணர்கருவியின் வசதிக்காக மாற்றுவது எவ்விதத்திலும் ஏற்கத்தக்கதன்று.

மின்கலம்

சி.ஆர். 2032 எனக் குறிக்கப்படும் நாணய வடிவ மின்கலமே இக்கருவிகளில் பெரும்பாலும் காணப்படுவது. அதன் குறுக்களவு 20 மில்லிமீட்டர், கனம் 3.2 மில்லிமீட்டர், மின்னழுத்தம் 3 வோல்ட். இதில் ஒரு நுட்பம் உண்டு. ஆயுளின் பெரும்பகுதியில் இதன் மின்னழுத்தம் ஏறத்தாழ மாறாமல் இருந்து, முடிவில் திடீரென வீழும். மின்னழுத்தத்தைக் கொண்டு "இத்தனை சதவிகிதம் எஞ்சியுள்ளது" என்று செயலி காட்டும் எண் ஆகவே நம்பத்தக்கதன்று. அறுபது காட்டிய மின்கலம் மறுவாரமே ஓய்ந்துவிடலாம்.

மின்மானியை வைத்து அளந்து, "2.9 வோல்ட் உள்ளது, மின்கலம் நன்று" எனக் கூறுவதும் போதாது. உணர்கருவி உறங்கும்போது மிகச் சொற்ப மின்சாரமே கொள்ளும். செய்தியை வெளியிடும் கணத்தில் பத்து மில்லிஆம்பியர் அளவு கேட்கும். மின்கலம் முதுமையடைய அதன் அகத்தடை ஏறுகிறது. அகத்தடை 100 ஓம் ஆகிவிட்டது எனில், பத்து மில்லிஆம்பியர் ஓடும் கணத்தில் 1 வோல்ட் உள்ளேயே வீணாகிறது. 2.9 வோல்ட் 1.9 ஆகத் தாழ்கிறது. பல கருவிகள் இவ்வளவில் நின்று மீண்டும் தொடக்கத்திலிருந்து இயங்க முற்படும். மின்மானி அளக்கும்போது கருவி உறங்கிக்கொண்டிருப்பதால் இவ்வீழ்ச்சி தென்படுவதில்லை. மின்னழுத்தத்தை அளக்கையில் 300 ஓம் தடையொன்றை இரண்டு நொடி மின்கலத்தின் குறுக்கே இணைத்துப் பார்த்தால் உண்மை நிலை தெரியும்.

மின்கலம் நலிவதால் சைகையின் வலிமை மெல்ல மெல்லக் குறைவதில்லை என்பது இதனால் பெறப்படும். வலிமை அதே அளவில் இருக்க, செய்திகளுக்கிடையே இடைவெளி நீளும். குறிப்பாக விடியற்காலைக் குளிரில் நீளும். குளிரிலும் அகத்தடை ஏறுவதே காரணம். லடாக்கின் லே நகரில் குளிர்கால இரவுகளில் வெளியே வைத்த கருவி இரவெல்லாம் ஊமையாயிருந்து பகல் வெயிலில் பேசத் தொடங்கினால், சுவரையோ தொலைவையோ ஆராய்வது வீண். அத்தகைய இடங்களுக்கு விரல் பருமனுள்ள லித்தியம் மின்கலம் கொள்ளும் கருவியே ஏற்றது.

மீண்டும் மின்னேற்றத்தக்க எல்.ஐ.ஆர். 2032 வடிவில் ஒத்ததாயினும் அதன் மின்னழுத்தம் மிகுதி. மாற்றாகப் போட்டால் கருவி பழுதாகலாம். நாணய மின்கலத்தைக் குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயில் இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே கடும் புண் உண்டாகக்கூடும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பயன் தீர்ந்த மின்கலத்திலும் இவ்வாபத்து உண்டு. மாற்றும் பணியாளர் பழையதை அவ்விடத்திலேயே விட்டுவருதல் கூடாது. முனைகளை ஒட்டுநாடாவால் மூடி எடுத்துச் செல்லவேண்டும்.

இரைச்சல்

2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையைக் குறைந்த ஆற்றலுடன் உரிமமின்றிப் பயன்படுத்த இந்திய அரசு 2005-ஆம் ஆண்டின் விதிகளால் அனுமதி அளித்தது. எல்லோருக்கும் திறந்த சந்தையாதலின் கூட்டமும் மிகுதி. வைஃபை, கம்பியில்லா விசைப்பலகை, மைக்ரோவேவ் அடுப்பு யாவும் இங்கேயே இயங்குகின்றன.

புளூடூத் இவ்வரிசையை நாற்பது தடங்களாகப் பிரிக்கிறது. இணைப்பின்றி அறிவிப்பாக மட்டும் செய்தி வெளியிடும் உணர்கருவிகள் அவற்றுள் மூன்றையே பயன்படுத்தும்: 2402, 2426, 2480 மெகாஹெர்ட்ஸ். வைஃபையின் வழக்கமான 1, 6, 11 ஆகிய தடங்களுக்கு விலகி நிற்குமாறு இவை தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளன. வீட்டு வைஃபைக் கருவி 3 அல்லது 4-ஆம் தடத்தில் இயங்கினால் நடுத்தடமாகிய 2426-ஐ மூடிவிடும். 13-ஆம் தடத்தில் இயங்கினால் 2480-ஐ மூடும். வைஃபையை 1, 6, 11 இவற்றுள் ஒன்றில், 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் நிறுத்துவதும், இயன்றவரை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவதும் செலவில்லாத பரிகாரங்கள். அறிவிப்பு முறையில் "கிடைத்தது" என்னும் பதில் இல்லாமையால், மூடப்பட்ட செய்தி மீண்டும் அனுப்பப்படுவதில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

மைக்ரோவேவ் அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸ் அளவில் நூற்றுக்கணக்கான வாட் ஆற்றலை உண்டாக்குகிறது. உடலுக்குத் தீங்கு செய்யாத மிகச்சிறு கசிவுகூட, ஒரு மில்லிவாட்டில் பேசும் உணர்கருவிக்கு முன் பேரிரைச்சலாகும். சமையல் வேளையில் மட்டும் செய்தி விட்டுப்போனால் அடுப்பையே முதலில் ஐயுறுதல் வேண்டும்.

ஏற்புக் கருவியாகச் சிறு கணினி ஒன்றை வைத்திருப்போர் வேறொரு மூலத்தையும் அறிதல் நலம். மூன்றாம் தலைமுறை யு.எஸ்.பி. கம்பிகளும் வட்டுகளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கசியவிடுகின்றன. இன்டெல் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை இதனை எடுத்துக்காட்டியது. வட்டுக்குப் பக்கத்திலேயே செருகிய புளூடூத் முனை செவிடாகிவிடும். ஒரு மீட்டர் நீட்டிப்புக் கம்பியில் அம்முனையை விலக்கி வைத்தவுடன், அதுவரை கேளாத உணர்கருவிகள் பட்டியலில் தோன்றுவதுண்டு. இத்துணைக் குறைந்த செலவில் இத்துணைப் பலன் தரும் பரிகாரம் வேறில்லை எனலாம்.

சைகையைப் பெருக்குவதாகச் சந்தையில் விற்கும் ஒட்டுத்தகடுகளால் பயனில்லை. செல்பேசி அலைகளுக்கான பெருக்கிகள் வேறு அலைவரிசையைச் சேர்ந்தவை. உண்மையிலேயே தொலைவு மிகுதியாயின், இடைவழியில் இரண்டாவது ஏற்புக் கருவி ஒன்றை வைப்பதே முறை. 2016-இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில் நெடுந்தொலைவு முறை சேர்க்கப்பட்டது. அனுப்புவது, ஏற்பது ஆகிய இரண்டும் அம்முறையை அறிந்திருந்தாலன்றி அதனால் பலன் விளையாது.

செல்பேசியின் உறக்கம்

எல்லா உணர்கருவிகளும் ஒரே நேரத்தில் மௌனமானால் குறை பெரும்பாலும் வாங்கும் பக்கத்தில் இருக்கும். திரை அணைந்த சில நிமிடங்களில் மின்சிக்கனம் கருதிச் செல்பேசி செயலியை உறங்கவைத்துவிடுகிறது. அச்செயலிக்கு மட்டும் விலக்கு அளிக்கவேண்டும். ஆண்ட்ராய்டின் ஆறாம் பதிப்பு முதல் பதினொன்றாம் பதிப்பு வரை, இடமறியும் அனுமதி தராவிடில் புளூடூத் கருவிகளைத் தேடவே இயலாது. பன்னிரண்டாம் பதிப்பிலிருந்து அருகிலுள்ள கருவிகளுக்கெனத் தனி அனுமதி கேட்கப்படுகிறது. மேலும், பல உணர்கருவிகள் ஒரு செல்பேசியோடு இணைந்திருக்கும் வரை அறிவிப்பை நிறுத்திவிடும். மகனின் செல்பேசி இணைந்திருக்க, தாயின் செல்பேசியில் கருவி காணாமற்போவது இதனாலேயே. இதில் பழுது ஏதுமில்லை.

பள்ளியில் செய்யத்தக்க சோதனை

ஓர் உணர்கருவியும் ஒரு செல்பேசியும் இருந்தால் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் இவற்றைத் தாமே மெய்ப்பிக்கலாம். விளையாட்டுத் திடலில் உணர்கருவியை மர முக்காலியின்மேல் வைத்து, 1, 2, 4, 8 மீட்டர் தொலைவுகளில் பத்துப் பத்து முறை வலிமையைக் குறிக்கவேண்டும். தொலைவு இரட்டிக்க ஆறு டெசிபெல் குறையும் என்னும் விதி ஓரளவே நிறைவேறும். தரையிலிருந்து திரும்பும் அலை நேர் அலையோடு கூடியும் கழிந்தும் எண்ணைக் கலைக்கும். இதனைச் சோதனையின் தோல்வி எனக் கொள்ளாமல், முக்காலியின் உயரத்தை மாற்றி மீண்டும் அளக்கச் செய்யலாம்.

அடுத்து, கருவியை வகுப்பறையில் வைத்து, காலியான பிளாஸ்டிக் குடத்தை இடையில் வைத்தும், அதே குடத்தில் நீர் நிரப்பியும் அளக்கவேண்டும். பின்னர் உலர்ந்த துணி, நனைந்த துணி, எவர்சில்வர்த் தட்டு. இறுதியாக, கருவியை இருந்த இடத்திலேயே ஒரு சாண் நகர்த்தினால் எண் எவ்வளவு மாறுகிறது என்பதைக் குறிக்கவேண்டும். அறைக்குள் எதிரொலிக்கும் அலைகள் ஒன்றையொன்று அழிக்கும் புள்ளிகள் சில சென்டிமீட்டர் அகலமே உள்ளவை.

கருவியைக் கால்வட்டம் திருப்பினாலும் எண் மாறும். அலைக்குத் தளவிளைவு உண்டு என்பதே காரணம். 1894 முதல் 1896 வரை கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் மில்லிமீட்டர் அளவுள்ள அலைகளைக் கொண்டு ஜகதீச சந்திர போஸ் முன்னோடிச் சோதனைகளைச் செய்தார். அலையின் தளத்தை ஆராய அவர் கையாண்ட சாதனங்களுள் ஒன்று, ஏடுகளுக்கிடையே வெள்ளீயத் தாள்களைச் செருகிய பிராட்ஷா இரயில்வே அட்டவணைப் புத்தகம். பள்ளியில் அதே முறையைப் பழைய தடித்த புத்தகம் ஒன்றிலும் சமையலறை அலுமினியத் தாளிலும் செய்து பார்க்கலாம். புளூடூத் அலை அவருடைய அலைகளைவிட நீளமானதாகையால் புத்தகம் பெரியதாக இருத்தல் வேண்டும். சிறு புத்தகத்தைச் சுற்றிக்கொண்டு அலை வந்துவிடும்.

சோதனை நடந்த மாதத்தையும், அறையின் சன்னல்கள் திறந்திருந்தனவா என்பதையும் குறிப்பேட்டின் தலைப்பிலேயே எழுதவேண்டும். அதே அளவைகளை ஜூலை மாதத்தில், சுவர்கள் நனைந்திருக்கும்போது, மீண்டும் எடுத்து முந்தைய பக்கத்திற்கு எதிர்ப்பக்கத்தில் பதிவு செய்யவேண்டும்.